ஓலப்பாறைக்குக் கடல் வந்தது

ஈரோட்டில் சகலை பொன்னுரங்கம் கட்டிய புது வீட்டுக்குக் குடிபுகுவிழா நடந்த அன்றைக்கு, பந்தியில் சாப்பிட்டு எழுந்த விருந்தாளிகள் கை கழுவிய ஈரத்தோடு பூஜை அறைக்கும் போகாமல், தாம்பூலம் வாங்கவும் போகாமல், நேரே மாடியேறிக் குளியலறை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள் என்பதையும், உள்ளே இருக்கும் பீங்கான் இருக்கை உட்கார்ந்ததும் தானாகச் சூடாகிறது என்று கேள்விப்பட்டு வேட்டி சேலையோடு ஆளுக்கொரு தரம் அதில் உட்கார்ந்து எழுந்து, சாமி கும்பிட்டவர்களைப் போல முகம் தெளிந்து இறங்கி வந்தார்கள் என்பதையும் அர்த்தநாரி தன் கண்ணால் பார்த்தார். பார்த்தவர் ரசம் வாங்காமல் இலையை மடித்துவிட்டார். அவரோடு இத்தனை வருசம் குடித்தனம் செய்த சம்பூரணத்துக்கு, மனுசன் ரசம் வேண்டாமென்று இலையை மடித்தால் வீட்டில் எதையோ இடிக்கப் போகிறார் என்று தெரியும்.

கார் சங்ககிரியைத் தாண்டியது. அப்புறம் சொன்னார்.

"நம்ம பாத்ரூம இடிச்சுப் போடோணும்."

"நல்லாத்தானுங்க இருக்குது. போன பொங்கலுக்குத்தான சுண்ணாம்படிச்சோம்?"

"சுண்ணாம்பா! அங்க வந்த சனத்துல ஒருத்தனாச்சும் வாசக்கால் எந்த மரம்னு கேட்டானா? எல்லாரும் கக்கூசப் பத்தியே பேசறாங்க புள்ள!"

ஓலப்பாறையில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது, குளம் என்று சொல்லப்படுகிற பள்ளத்துக்குத் தண்ணீரைப் பார்த்த ஞாபகம் கிடையாது. தன் மண்ணில் ஒரு சொட்டுக் கிடைக்காத அந்த ஊர்க்காரர்கள்தான் ரிக் வண்டிகளை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தானுக்கும் ஒடிசாவுக்கும் போய் மற்றவர்களுடைய மண்ணில் ஆழ்துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். அர்த்தநாரியும் ராடு தூக்குகிற ஆளாகப் போய், ரிக் ஓட்டுகிறவராகி, மூன்று ரிக்குக்கு முதலாளியானவர். கம்ப்ரஸர் இரைச்சலில் காது பாதி மந்தமாகிவிட்டதால் காதல் வசனம் பேசினாலும் ஏலம் விடுகிற மாதிரித்தான் அவருக்குப் பேச வரும்.

கோயம்புத்தூரிலிருந்து நிகிலேஷ் என்கிற வடிவமைப்பாளர் வந்தார். குடுமி போட்ட இளைஞர். காலுறை இல்லாமல் பூட்ஸ் மாட்டியிருந்தார். பழைய குளியலறைக் கதவைத் திறந்தவர், எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார்.

"அங்கிள், முதல்ல பாத்ரூம்ங்கிற வார்த்தைய விட்டுடலாம். இப்ப இது வெல்னஸ் ஸ்பேஸ். அங்க யாரும் குளிக்கப் போறதில்ல. தன்னைத் தேடிப் போறாங்க."

"கெடச்சுதுங்களா?" என்று அர்த்தநாரி உண்மையான அக்கறையோடு கேட்டார்.

நிகிலேஷ் மடிக்கணினியைத் திறந்தார். அதற்குள்ளே, காக்கையின் அலகைப் போல மங்கிய கறுப்பில் குழாய்களும், சுவரிலிருந்து அந்தரத்தில் நீண்டு நிற்கும் பீங்கானும், கையை ஆட்டினால் விளக்கெரிந்து கையை ஆட்டினால் அணைகிற கண்ணாடியும், ஒன்றோடொன்று சேரும் கோடே தெரியாத ஆளுயர டைல்ஸும், வெயில் படாமல் வளரும் செடியும், ஈரப் பகுதி வேறு உலர் பகுதி வேறு என்று பிரித்து நடுவில் நிறுத்திய கண்ணாடித் தடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. சம்பூரணம் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்த்தாள்.

"தம்பி, எனக்கு முட்டி வலிங்க. உக்காந்து தண்ணி வாத்துக்கற மாதிரி ஒரு கல்லு போட்டுக் குடுத்தீங்கன்னாப் போதும். அப்பறம் சேல போடறதுக்குச் செவுத்துல ஒரு கொக்கி."

"கொக்கி வேண்டாம் ஆன்ட்டி. அது விஷுவல் நாய்ஸ்."

"சத்தமெல்லாம் போடாதுங்க தம்பி. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்."

நிகிலேஷ் அவளைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்துவிட்டு அர்த்தநாரி பக்கம் திரும்பினார். "நடுவுல ஒரு டப் வருது அங்கிள். எந்தச் சுவரோடும் ஒட்டாது. ஒரு தீவு மாதிரி தனியா நிக்கும்."

"எத்தன அடி ஆழம்?"

"ஒண்ணே முக்கால்."

அர்த்தநாரி தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஒண்ணே முக்கால் அடியா! நான் எச்சி துப்புனாக்கூட அதவிட ஆழமாப் போவுமே தம்பி!" ஆனாலும் பொன்னுரங்கம் வீட்டில் தொட்டி இல்லை என்பது ஞாபகம் வந்ததும் சரியென்று சொல்லிவிட்டார்.

பழைய குளியலறையோடு சம்பூரணத்தின் சாமான் அறையும் இடிபட்டது. ஊறுகாய் ஜாடிகள் கட்டிலுக்கடியில் போயின, அரிசி மூட்டை மாமனார் படத்துக்குக் கீழே வந்தது. மாசக்கணக்கில் டைல்ஸ் அறுக்கிற தூசியைத் தின்றுகொண்டு குடும்பம் பக்கத்து வீட்டு மயிலாத்தாவின் ஓட்டுக் குளியலறையில் தண்ணி வாத்துக்கொண்டது. வேலை முடிந்தபோது, உரித்த முட்டையைப் பாதியாக வெட்டி நிமிர்த்தி வைத்த மாதிரி தொட்டி வெள்ளையாக நடுவில் நின்றது. வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து உறவுகளைக் கூப்பிட்டுத் திறப்பது, அதுவரை ஒருத்தரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட உள்ளே சிந்தக் கூடாது என்று அர்த்தநாரி உத்தரவு போட்டார்.

நல்ல நாளுக்காகக் கடல் காத்திருக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை, அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது, தொட்டியின் தூசியைத் துடைக்கலாமென்று துணியோடு உள்ளே போன சம்பூரணம், தொட்டியில் கடல் இருப்பதைப் பார்த்தாள்.

அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்த வருசம் ஒடிசாவில் ரிக் கவிழ்ந்தது. திருச்செந்தூருக்குப் பை கட்டிய அன்று மாமனார் கண்ணை மூடினார். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. ஆனாலும், இவர் இன்னார் என்று யாரும் சொல்லாமலே வாசலில் நிற்கிற ரத்த சொந்தத்தை அடையாளம் தெரிந்துகொள்வதைப் போல, அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. தொட்டியின் இந்த ஓரத்தில் சின்னச் சின்ன அலை வந்து நுரைத்துத் திரும்பியது. குனிந்து பார்த்தால் அந்த ஓரம் என்று ஒன்று இல்லை. தண்ணீர் போய்க்கொண்டே இருந்து, தூரத்தில், நீலக் கோடாக வெளிச்சத்தோடு சேர்ந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நண்டு விளிம்பில் ஏறி, கீழே குதித்து, உலர் பகுதிக்கு ஓடியது. சம்பூரணம் முதலில் போய் அடுப்பை அணைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"ஏனுங்க, தொட்டியில கடல் வந்திருக்குதுங்க."

"டேங்க் நெறஞ்சு ஊத்துதா?" என்றார் அர்த்தநாரி, சட்டினியைத் தொட்டுக்கொண்டே.

"டேங்க்குத் தண்ணி இல்லீங்க. கடலு."

வந்து பார்த்தார். ஒரு கை அள்ளி வாயில் விட்டவர் முகம் கறுத்துத் துப்பினார். துளை போட்ட இடத்தில் உப்புத்தண்ணி வந்தால் தோட்டத்துச் சொந்தக்காரன் ரிக்குக்காரன் முகத்தைப் பார்க்கமாட்டான். அந்த அவமானம் சொந்த வீட்டிலேயே வந்து சேர்ந்ததாக அவருக்குப் பட்டது. குழாய் வேலை செய்த பாஷா பாயைக் கூப்பிட்டார். பாய் முழங்காலிட்டு எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ள வர்ற வழியும் மூடியிருக்கு, வெளிய போற வழியும் மூடியிருக்குங்க. எங்கிருந்தும் வரல. ஆனா இருக்குது."

"அதுக்கு என்ன பண்றது?"

"என் பைப்புல கசிவு இருந்தாச் சொல்லுங்க, இப்பவே சரி பண்ணித் தர்றேன். கடலுக்கெல்லாம் நான் கேரண்டி குடுக்க முடியாதுங்க."

நிகிலேஷுக்கு வீடியோவில் காட்டியபோது அவர் துள்ளினார். "அங்கிள்! கோஸ்டல் தீம்! இது அடுத்த வருஷம்தான் டிரெண்ட் ஆகும். நீங்க முன்னாடியே போயிட்டீங்க!"

அன்றைக்கு மத்தியானமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி வந்தது என்று கேட்டவர்கள் ஓலப்பாறையில் அதிகமில்லை. மழை ஏன் வரவில்லை என்று தலைமுறையாகக் கேட்டுப் பதில் கிடைக்காத ஊர் அது. கடல் ஏன் வந்தது என்று கேட்டு மட்டும் என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டார்கள். வந்தது வந்துவிட்டது, இனி அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் எல்லோருக்கும் யோசனை ஓடியது.

முதலில் வந்தவள் மயிலாத்தா. அவள் புருசனுக்கு அமாவாசையன்று திதி. பவானி கூடுதுறைக்குப் பஸ் ஏறி இறங்க முடியாதென்று, அங்கே திதி கொடுத்து வைக்கிற ராமசேஷன் அய்யரையே ஆள் அனுப்பி வரவழைத்து, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கடலைப் பார்த்துக் கும்பிட்ட அய்யர், அதே அறையில் சுவரிலிருந்து நீண்டு நின்ற பீங்கானையும் பார்த்துத் தயங்கினார்.

"இதுவும் இங்கேயே இருக்கேம்மா. தீர்த்தம்னு எப்படிச் சொல்றது?"

சம்பூரணம் நிகிலேஷ் சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். "இது ஈரப் பகுதிங்க சாமி. அது உலர் பகுதி. நடுவுல கண்ணாடி இருக்குதுங்க."

அய்யர் கண்ணாடித் தடுப்பை விரலால் சுண்டிப் பார்த்தார். "அப்போ இது வேற க்ஷேத்திரம், அது வேற க்ஷேத்திரம். தோஷமில்லை," என்று சொல்லி எள்ளைப் பிரித்தார். அடுத்த அமாவாசைக்கு வரிசை சமையலறையைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக வெளியே போய் மாரியம்மன் கோயில் வரைக்கும் நின்றது.

அப்புறம் சுண்டல்காரர் வந்தார். கழுத்தில் தகர டப்பாவை மாட்டிக்கொண்டு, வெயில் தாழ்ந்த நேரத்தில், யாரும் கூப்பிடாமல், கடல் இருந்தால் சுண்டல் இருக்க வேண்டும் என்கிற நியாயத்தின் பேரில் அவர் பாட்டுக்குக் கூடத்துக்குள் வந்து "தேங்கா மாங்கா பட்டாணிச் சுண்டல்" என்று கூவினார். அவருக்குப் பின்னால் பலூன் சுடுகிற பலகையோடு ஒருத்தர் வந்து அதை ஷோகேஸ் மேல் சாய்த்து வைத்தார். ராட்டினக்காரர் வந்து கூரையின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு வருத்தத்தோடு போனார். கிழட்டுக் குதிரை ஒன்று போர்ட்டிகோவில் நின்று குழந்தைகளை வாசல் கேட்டுக்கும் துளசி மாடத்துக்கும் நடுவில் சுமந்தது. கல்லூரியில் படிக்கிற ஜோடிகள் சோபாவில் குளியலறை வாசலைப் பார்த்தபடி ஒரே குடைக்குள் உட்கார்ந்தார்கள். கூடத்துக்குள் குடை எதற்கென்று யாரும் கேட்கவில்லை. டிவி வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் தங்கள் தலைவர் சிலைக்கு இடம் விடவேண்டுமென்று இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடலுக்கும் வீடு பழகிவிட்டது. காலையில் ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம் தொட்டியின் விளிம்பைத் தாண்டி இறங்கி, கோடே தெரியாத டைல்ஸ் மேல் வழுக்கிக்கொண்டு கூடத்தின் பாதிவரைக்கும் வந்து, சோபாக் கால்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். போகும்போது மணலும் கிளிஞ்சலும் ஒன்றிரண்டு மத்தி மீனும் விட்டுவிட்டுப் போகும். கறுப்புக் குழாய்கள் துருப்பிடித்துச் சிவப்பாயின. கண்ணாடி, யாரும் கையை ஆட்டாமலே, அலையைப் பார்த்து எரிவதும் அணைவதுமாக இருந்தது.

பொன்னுரங்கமும் ஈரோட்டிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர் ரொம்ப நேரம் நின்று நீலக் கோட்டையே பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டில் ரசம் வேண்டாமென்று இலையை மடித்தவர் அவர்தான். அர்த்தநாரிக்கு அந்த ஒரு நாள் போதுமாயிருந்தது. அதற்குப் பிறகு உப்புத்தண்ணி என்ற குறை அவர் வாயில் குறைந்தது, மீசையை முறுக்குவது கூடியது.

இத்தனைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் குளிக்க இடமில்லை. ஓலப்பாறையிலேயே அழகான குளியலறையை வைத்துக்கொண்டு, முதலாளி அர்த்தநாரி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மயிலாத்தா வீட்டுக்குத்தான் தினமும் போனார். சம்பூரணம் காலையில் மணல் கூட்டினாள், மத்தியானம் நண்டு விரட்டினாள், சாயந்தரம் சுண்டல் காகிதம் பொறுக்கினாள், வருகிற பெண்களுக்கெல்லாம் தேத்தண்ணி போட்டாள். கூட்டம் குறைகிற உச்சி வெயிலில் மட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவாள். அலை சேலை முந்தியை நனைக்கும். இதில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒருத்தரும் இல்லாமல் இறங்கித் தண்ணி வாத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும். தோன்றி முடிப்பதற்குள் கூடத்திலிருந்து குரல் வரும்: "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க. கடற்கரையில ஒரே தாகமா இருக்குது."

ஆடி மாசத்தில் மெய்ஞானம் என்கிற மனை வியாபாரி வந்தான். வீட்டைச் சுற்றிக் கிடந்த கள்ளிக் காட்டை வளைத்து வாங்கி, கல் நட்டு, கொடி கட்டி, 'கடல் பார்த்த மனைகள்' என்று பலகை வைத்தான். மனையிலிருந்து கடல் தெரியவில்லையே என்று கேட்டவர்களிடம், "அர்த்தநாரி அண்ணன் வீட்டு ஜன்னல் தெரியுதுங்களா? அந்த ஜன்னலுக்குப் பின்னாடி தெரியுதுங்க," என்று சொன்னான். ரிக் ஓட்டிச் சம்பாதித்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். மேற்கே பார்த்த மனைகளுக்குக் கடற்காற்று வராது என்று சொல்லி அவற்றை மட்டும் குறைத்துக் கொடுத்தான்.

ஓலப்பாறையில் கடற்கரை இருக்கிற விசயம் இப்படித்தான் அரசாங்கத்துக்குத் தெரிந்தது. கடலோரத்தைக் காக்கிற அலுவலகத்திலிருந்து சௌந்தரபாண்டியன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். தெற்கத்திக் கடற்கரையில் பிறந்து, மாற்றலாகி மாற்றலாகிப் பல வருசமாகக் கடலில்லாத ஜில்லாக்களில் கோப்பு பார்த்தவர். வந்ததும் நேரே குளியலறைக்குப் போனார். ஷூவைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டி, தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை அலையில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். சம்பூரணம் தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் விலகினாள். அப்புறம் அவர் காலைத் துடைத்து, ஷூ மாட்டி, அதிகாரியாக எழுந்து நின்றார்.

"அய்யா, அலை ஏறுற எல்லையிலிருந்து இத்தனை மீட்டருக்குள்ள வீடு இருக்கக் கூடாதுங்கிறது விதி. உங்க வீடு அந்த எல்லைக்குள்ளயே இருக்கு. சொல்லப்போனா, எல்லை உங்க சோபாவுக்குப் பின்னால இருக்கு. வீட்டை எடுக்கணும்."

"வீடு மொதல்ல வந்ததுங்க! கடல் அப்பறந்தான் வந்துச்சு. அது வந்து என்ற வூட்டுல குடியிருக்குது. நியாயமாப் பாத்தா நீங்க அதுக்குத்தான நோட்டீசு குடுக்கோணும்?"

"சட்டத்துல யாரு மொதல்ல வந்தாங்கன்னு கேக்கலைய்யா. கடல் எங்க இருக்குன்னு மட்டுந்தான் கேக்குது." அவருக்கே அது கஷ்டமாக இருந்தது. "வேணும்னா ஒண்ணு செய்யலாம். தொட்டியில அடைப்பான் இருக்குமில்ல? அதைப் பிடுங்கி விட்டுட்டீங்கன்னா கடல் இல்ல. கடல் இல்லன்னா எல்லையும் இல்ல. வீடு தப்பிச்சுக்கும்."

சேதி பரவியதும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். கூடத்தைவிடப் பெரிய இடம் வேறெங்கும் இல்லையாதலால் அர்த்தநாரியின் கூடத்திலேயே போட்டார்கள். வீட்டுக்காரரைக் கடைசியில், சுண்டல் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மெய்ஞானம் பேசினான், பலூன்காரர் பேசினார், இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கருத்தைச் சண்டை போட்டுக்கொண்டு பேசினார்கள். அய்யர், தீர்த்தத்தை வடியவிடுவது மகாபாவம் என்றார். வீடு போனால் போகட்டும், கல்லும் சிமெண்ட்டும்தானே, கடல் போனால் வருமா என்று முடித்தார்கள்.

"போறது என்ற வூடுங்க," என்றார் அர்த்தநாரி.

"சுயநலமாப் பேசாதீங்கண்ணா," என்றான் மெய்ஞானம்.

அர்த்தநாரி எழுந்தார். ராஜஸ்தான் வெயிலில் தின்ற புழுதியெல்லாம் செங்கல்லாக நின்ற வீடு அது. யாரையும் கேட்காமல் உள்ளே போய், சட்டைக் கையைச் சுருட்டி, அடைப்பானைப் பிடுங்கத் தொட்டிக்குள் கையை விட்டார். முழங்கை போயிற்று, தோள் போயிற்று, கன்னம் தண்ணீரைத் தொட்டது, அடி தட்டவில்லை. துடைப்பக் குச்சியை விட்டார், மூங்கிலை விட்டார். அப்புறம் ஆள் அனுப்பி ரிக் வண்டியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் நிறுத்தச் சொல்லி, இரும்புக் கயிற்றில் குண்டு கட்டி இறக்கினார். தொழிலில் அவர் இறக்கிய எந்தக் கயிறும் பாறையில் முட்டாமல் திரும்பியதில்லை. இது போய்க்கொண்டே இருந்தது. ஆயிரம் அடிக் கயிறு முடிந்ததும் இன்னொன்றை முடிச்சுப் போட்டார். அதுவும் போயிற்று. கூட்டம் பார்த்துப் பார்த்துச் சலித்துக் கலைந்தது. அவர் மட்டும் கயிற்றைப் பிடித்தபடி தொட்டியோரம் உட்கார்ந்திருந்தார்.

சம்பூரணம் வந்து பார்த்தபோது அவர் மீசையெல்லாம் நனைந்திருந்தது. அலையாலா வேறெதனாலா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நானும் எத்தனையோ ஊருல போட்டேன் புள்ள. பாதிக்குப் பாதி புழுதிதான் வந்துருக்குது. தோட்டக்காரன் பொண்டாட்டி பொடவையில மூஞ்சிய மூடிக்கிட்டு அழுவா. நான் ராட எண்ணிக்கிட்டு வண்டியேறிருவேன்." கயிற்றை லேசாக ஆட்டிப் பார்த்தார். "இங்க பாரு. போவப் போவத் தண்ணி. கல்லில்ல, புழுதியில்ல. குடிக்கத்தான் ஆவாது."

"எடுத்துருங்க. கை வலிக்கும்," என்றாள்.

"இத எப்பிடிப் புள்ள வடிய உடறது?"

"உட வேண்டாங்க."

"வூடு போயிருமே."

"போவட்டும். கூட்டறதுக்கு மணலாச்சும் கொறையும்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து கயிற்றை மேலே இழுத்தார்கள். இழுத்து முடிக்க விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

வீடு இடிந்த பிறகு நடந்ததை ஊரே பேசும். அதுவரை நாலு சுவருக்குள் மரியாதையாக ஏறி இறங்கிய கடலுக்கு, சுவர் போனதும் எங்கே நிற்பதென்று தெரியாமல் போயிற்று; ஏறின அலை கள்ளிக் காடு முழுக்கப் பரவி, மெய்ஞானம் நட்ட கற்களையும் கொடிகளையும் பலகையையும் மூடி, கடல் பார்த்த மனைகள் அத்தனையையும் கடலுக்குள் எடுத்துக்கொண்டது. வாங்கியவர்கள் அவனைத் தேடினார்கள். அவன் தண்ணீருக்கடியில் மனை வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவராகியிருந்தான். நிகிலேஷ் வந்து சுவரில்லாத தொட்டியைப் படம் பிடித்து, "இப்பத்தான் அங்கிள் ஸ்பேஸ் ஓப்பனாச்சு," என்று சொல்லி அதற்கு ஏதோ விருதும் வாங்கினார். அர்த்தநாரியும் சம்பூரணமும் கரையில் ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். விதிப்படி அது வீடு இல்லை என்று சௌந்தரபாண்டியனே எழுதிக் கொடுத்தார். இதெல்லாம் பின்னால் நடந்தவை. இடிக்க வந்த அன்று காலையில் நடந்ததைத்தான் ஊரில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

அன்றைக்குச் சாமான்களை ரிக் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. கதவுகளைக் கழற்றிவிட்டார்கள், குளியலறைக்குக்கூட வெறும் சட்டம்தான் நின்றது. பொக்லைன் இயந்திரம் வாசலில் உறுமிக்கொண்டு தயாராக இருந்தது. சௌந்தரபாண்டியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுண்டல், பலூன், குதிரை, குடைக்குள் ஜோடிகள், கட்சிக்காரர்கள் என்று ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது.

"எல்லாம் ஏத்தியாச்சா?" என்று அர்த்தநாரி கத்தினார்.

அப்போது சம்பூரணம் துண்டும் மாற்றுச் சேலையும் ஒரு சொம்பும் சீயக்காய்த் தூளுமாக வந்தாள்.

"ஏனுங்க. நான் தண்ணி வாத்துக்கறேன்."

"இப்பவா?" என்று கேட்டது அவர் இல்லை. கூட்டத்தில் பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டார்கள்.

அர்த்தநாரி அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் போய் வண்டியிலிருந்து தார்ப்பாயை உருவிக்கொண்டு வந்து, குளியலறைச் சட்டத்தில் மேலும் கீழும் இழுத்துக் கட்டினார். அவள் உள்ளே போனதும், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அய்யனார் மாதிரி காலை அகட்டி நின்றார்.

சுண்டல்காரர்தான் முதலில் வந்தார். "அண்ணா, கடைசியா உள்ள ஒரு எட்டு பாத்துட்டு..."

"உள்ள ஆளிருக்குது."

கட்சிக்காரர் வந்தார். அய்யர் வந்தார். எல்லோருக்கும் அதே பதில். சௌந்தரபாண்டியன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவு நேரமாகும்யா?"

"தெரியாதுங்க சார். அவ நிதானமாத் தண்ணி வாத்து நான் பாத்ததில்ல."

உள்ளே, சம்பூரணம் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விளிம்பைத் தாண்டிக் காலை வைத்தாள். ஆயிரம் அடிக் கயிறு போன இடத்தில் அவள் மூழ்கவில்லை; உப்பு அவளைத் தாங்கிக்கொண்டது. எப்போதும் கடுகடுவென்று வலிக்கிற முட்டிகள் இருப்பதே தெரியவில்லை. பழக்க தோஷத்தில் கடலைச் சொம்பால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டவள், தான் செய்வதைத் தானே பார்த்துச் சிரித்தாள். சீயக்காய் அந்தத் தண்ணீரில் நுரைக்கவே இல்லை. பரவாயில்லை என்று இன்னொரு கை எடுத்துத் தேய்த்தாள். ஒரு அலை வந்து முகத்தில் அடித்து, கண்ணெல்லாம் எரிந்தது. அடுத்ததற்கு அவளே முகத்தை நீட்டினாள்.

"ஏ சம்பூரணம்!" தார்ப்பாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல், மாரியம்மன் கோயில் வரைக்கும் கேட்கும்படி. "தண்ணி எப்பிடி இருக்குது?"

"அப்பறமாச் சொல்றேனுங்க," என்றாள் அவள். "இப்பக் கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க."

அர்த்தநாரி கூட்டத்தின் பக்கம் திரும்பி உதட்டின் மேல் விரலை வைத்தார். பொக்லைன்காரர் இன்ஜினை அணைத்தார். சுண்டல்காரர் டப்பாவின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குடைக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். பாறையும் புழுதியுமான அந்த ஊர் மொத்தமும் ஒரு குளியலறை வாசலில் வாயை மூடிக்கொண்டு நிற்க, உள்ளே சம்பூரணம் இன்னொரு சொம்பு அள்ளினாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.